கலைச்சொல் வேண்டும்: திருப்புளி இல்லாமல் மாட்டும் வட்டு

கொழிஞ்சாம்பாறை டீச்சர், திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும், அதற்குள் இரண்டு சொல் தாருங்கள்.

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குக் கணினிப் பாடம் எடுக்கிறேன். கேரளத்தில் இந்தப் பாடநூல் தமிழிலும் வருகிறது, அதில் குறையில்லை. ஆனால் பழைய மடிக்கணினியைப் பிரித்து வட்டு (ஹார்ட் டிஸ்க்) மாற்றும் வேலை அதில் இல்லை. அதற்கு நானே எட்டுப் பக்கக் கையேடு எழுதுகிறேன். நன்கொடையாக எங்களுக்கு வந்த கணினிகள் இரண்டு வகை. ஒன்றில் வட்டை நான்கு திருகாணி பிடித்திருக்கிறது. திருப்புளி இல்லாமல் ஒன்றும் நடக்காது. மற்றதில் திருகாணியே கிடையாது. வட்டு ஒரு பிளாஸ்டிக் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. சட்டத்தின் உள்பக்கத்தில் சின்னச் சின்ன முளைகள், திருகாணி போகவேண்டிய துளைகளில் அவை போய் நிற்கின்றன. சட்டத்தோடு உள்ளே தள்ளினால் 'டக்' என்று ஒரு கொக்கி விழும். வெளியே எடுக்க, கொக்கியை நகர்த்திவிட்டு ஒரு நாடாவைப் பிடித்து இழுத்தால் போதும்.

கருவி வேண்டாத இந்த முறைக்கு ஒரு சொல், அந்தச் சட்டத்துக்கு ஒரு சொல். 'கருவியற்ற பொருத்தம்' என்று எழுதி வைத்திருந்தேன். பக்கத்து மேசை டீச்சர் படித்துப் பார்த்துவிட்டு, பத்துப் பொருத்தத்தில் இது எத்தனையாவது என்று கேட்டார். அதோடு அடித்துவிட்டேன்.

சித்தூர்ப் புலவர், செவ்வாய் காலை

அம்மா, அடித்தது நல்லதுதான். பொருத்தத்தை விடுங்கள், முதலில் 'கருவி' நிற்குமா என்று பாருங்கள். 'கருவி தொகுதி' என்பது தொல்காப்பிய உரியியல். சங்கப் பாட்டில் வரும் 'கருவி வானம்' இடியும் மின்னலும் காற்றும் மழையும் கூடிய தொகுதி. கூட்டமாகச் சேர்ந்திருப்பதே அந்தச் சொல்லின் பழைய உயிர். தச்சன் கையில் இருக்கும் உளிக்கு அது பின்னால் போயிருக்கலாம் என்பது என் எண்ணம். அப்படிப் பார்த்தால் 'கருவியற்ற வட்டு' என்பது தொகுதியிலிருந்து பிரிந்து தனியே கிடக்கும் வட்டு. நீங்கள் சொல்லவருவதற்கு நேர் எதிர்.

எதிர்மறையில் சொல் ஆக்குவதே எனக்கு உவப்பில்லை. எது இல்லை என்று சொல்வானேன்? எது பிடிக்கிறது என்று சொல்வோம். பிடிப்பது தாழ். அன்புக்கு அடைக்கும் தாழ் உண்டா என்று வள்ளுவர் கேட்டாரே, அந்தத் தாழ். நாம் 'சாவி' என்று போர்த்துகீசியரிடம் கடன் வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். மலையாளத்தாரோ தாழ்க்கோலைத் 'தாக்கோல்' ஆக்கி இன்றைக்கும் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்கள். பூட்டுக்கும் அவர்களுக்குத் 'தாழ்'தான். உங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீதியில் மலையாளம் பேசுபவர்கள், புரியாமல் போகாது. என் பரிந்துரை: தாழ்செறி முறை.

களியக்காவிளை கடைக்காரர், செவ்வாய் மதியம்

ஐயா கோபிக்கக் கூடாது. 'தாழ்செறி' என்று ரசீதில் எழுதினால், வீட்டுக் கதவு ரிப்பேருக்கு ஆள் வந்திருக்கிறான் என்று நினைப்பார்கள். எங்கள் கடையில் இதற்கு 'ட்ரே'. கொஞ்சம் படித்த பையன்கள் 'கேடி' என்பார்கள். போலீஸ் ஸ்டேஷன் பக்கத்தில் கடை, அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லவும் முடியாது.

சொல் எதுவானாலும் இருக்கட்டும் டீச்சர், பிள்ளைகளுக்கு முக்கியமாகச் சொல்லவேண்டியது வேறு. அந்தக் கொக்கி வட்டைப் பிடிப்பதற்கு மட்டும் இல்லை. சாட்டா (SATA) என்ற இணைப்பு வகை வட்டின் பின்பக்கம் தரவுக்கு 7, மின்சாரத்துக்கு 15, மொத்தம் 22 தொடுமுனை. நேராகப் போய் நேராக வரவேண்டும். சாய்த்து இழுத்தால் பிளாஸ்டிக் நாக்கு ஒடியும். முளைகளைச் சுற்றி ரப்பர் இருந்தால் அதைப் பிய்த்து எறியாதீர்கள், சுழலும் வட்டுக்கு அதிர்வு போகாமல் காப்பது அதுதான். தடிமனையும் பார்க்கவேண்டும். பழைய வட்டு 9.5 மில்லிமீட்டர், பின்னால் வந்தது 7. மெலிந்ததை அகன்ற சட்டத்தில் போட்டால் ஆடும், இடைவெளி அடைய உள்ளே இன்னொரு மெல்லிய சட்டம் கட்டவேண்டும். தடித்ததை மெலிந்த சட்டத்தில் போடவே முடியாது. கணினியை முழுக்க அணைத்து, மின்கலத்தையும் எடுத்த பிறகே கைவைக்கவேண்டும்.

அதனால் செருகுவது தெரிகிற சொல்லாக இருந்தால் நல்லது. செருகுத்தட்டு.

சித்தூர்ப் புலவர், செவ்வாய் மதியம், பத்து நிமிடம் கழித்து

செருகுதட்டு. த் வராது. வினைத்தொகையில் வலி மிகாது: ஊறுகாய், சுடுசோறு, குடிதண்ணீர். ஊறுக்காய் என்று யாராவது சாப்பிட்டதுண்டா?

களியக்காவிளை கடைக்காரர்

சரி ஐயா. செருகுதட்டு. ஊறுகாய் இல்லாமல்.

நகரித் தம்பி, செவ்வாய் இரவு

டீச்சர் கடிதத்தில் சித்தூர் என்று பார்த்ததும் எங்கள் ஆந்திரச் சித்தூர் என்று நினைத்து ஓடி வந்தேன். உள்ளே போனால் பாலக்காடு. இரண்டு பக்கமும் ஒரு சித்தூரை வைத்துக்கொண்டு நடுவில் நாம் சொல் தேடுகிறோம்.

எனக்கு 'வட்டு' மேலேயே வழக்கு உண்டு. இப்போது வரும் சுழலாத வகையான எஸ்எஸ்டியைத் (SSD) திறந்து பாருங்கள், சின்னச் சின்னச் சில்லு ஒட்டிய பலகை. வட்டமாக ஒன்றும் இல்லை, சுற்றுவதும் ஒன்றும் இல்லை. டிரைவுக்கு 'இயக்ககம்' என்று எழுதுபவர்களைப் பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. 'பழைய இயக்ககத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டவும்' என்றால் சென்னையில் ஏதோ அரசு அலுவலகத்தில் மாற்றல் உத்தரவு வந்ததுபோல இருக்கிறது. சேமிப்பகம் என்றே போடலாம்.

மாட்டுவதற்குப் பூட்டு. திறவுகோல் பூட்டை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். ஏர் பூட்டினோம், வண்டி பூட்டினோம், வில்லில் நாண் பூட்டினோம். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து வேலைக்குத் தயாராக்குவதே பூட்டுதல், நுகத்தடிக்குத் திருப்புளி வேண்டுமா? புலவர் ஐயாவுக்குப் பூட்டுவிற் பொருள்கோள் தெரியாதா? பாட்டின் கடைசிச் சொல் முதற்சொல்லோடு போய் மாட்டிக்கொள்கிறது, நாண் ஏற்றிய வில்லின் இரு முனைபோல. கையால் பூட்டுவதால் கைப்பூட்டு. கழற்றும்போது பூட்டவிழ்ப்பு. இலக்கணத்திலிருந்து நேராகக் கணினிக்கு வந்த சொல் வேறு எங்கே கிடைக்கும்?

சித்தூர்ப் புலவர், செவ்வாய் நள்ளிரவு

தம்பி, உவமை அழகு. பூட்டுவிற் பொருள்கோளை அண்மையில் ஒருவர் வாயிலிருந்து கேட்டதே எனக்கு மகிழ்ச்சி. ஆனால் பூட்டுவில்லில் நாண் இழுபட்டு விறைப்பாக நிற்கவேண்டும். இங்கே வட்டு ரப்பரில் மெத்தென்று உட்கார்ந்திருக்கிறது என்று கடைக்கார ஐயா சொல்கிறார். இரண்டுக்கும் விசை வேறு. அதோடு தாழ் என்ற சொல்லுக்கும் உங்கள் தெலுங்குத் 'தாளம்' என்ற பூட்டுக்கும் உறவு இருக்கும் என்று எனக்கு நெடுநாளாக ஒரு ஐயம். ழகரம் அங்கே ளகரம் ஆவது...

(அடுத்த மூன்று பத்திகள் ழகரத்தைப் பற்றி. டீச்சரின் வெள்ளிக்கிழமையை நினைத்து நான் வெட்டிவிட்டேன், முழுதும் வேண்டுவோர் தனியே கேட்டால் அனுப்புகிறேன். — குழு பொறுப்பாளர்)

கொழிஞ்சாம்பாறை டீச்சர், புதன் காலை

எல்லோருக்கும் நன்றி. 'கைப்பூட்டு' எனக்குப் பிடித்திருந்தது. இன்று முதல் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஒரு பையன் உடனே கேட்டான்: "டீச்சர், வட்டைப் பூட்டியாச்சு என்றால் கடவுச்சொல் போட்டாச்சா?" கையேட்டின் ஆறாம் பக்கத்தில் வட்டைக் கடவுச்சொல்லால் பூட்டுவது பற்றியும் எழுதியிருக்கிறேன். ஒரே கையேட்டில் இரண்டு பூட்டு ஆகாது.

சேமிப்பகம் வேண்டாம் தம்பி. பிள்ளைகள் வாயில் ஏற்கெனவே 'வட்டு' நிற்கிறது. வட்டமில்லாத வட்டு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

தேவிகுளம் அக்கா, புதன் மதியம்

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் எல்லோரும் ஏரையும் வில்லையும் தேடிப் போகிறீர்கள். திருப்புளி இல்லாமல் மாட்டிக் கழற்றும் வித்தை எங்கள் காதில் தொங்குகிறது. தோட்டுக்குத் திருகாணி உண்டு, அதை விரலால் திருகுகிறோம், எந்த ஆசாரியையும் கூப்பிடுவதில்லை. சில கணினியில் தலை அகன்ற திருகாணியைக் கையாலேயே திருகலாம், பார்த்திருக்கிறேன். அது தோட்டு வகை. அதற்கு 'கைத்திருகு' என்று தனிப்பெயர் இருக்கட்டும். கொக்கி விழுவது வேறு வகை, அது கதவு வகை. நாதாங்கி என்று ஒரு சொல் இருக்கிறதே, யாரும் ஏன் எடுக்கவில்லை? நாவைத் தாங்குவது நாதாங்கி. கொக்கியின் நா போய் விழுகிற பள்ளத்துக்கு இதைவிட நல்ல பெயர் யார் தரமுடியும்? அந்த உறுப்புக்கு மட்டும் அதை வையுங்கள்.

சட்டத்துக்குத் தட்டு ஒத்துவராது. தட்டு என்றால் மேலே வைப்பது, இது சுற்றிப் பிடிக்கிறது. கூடு என்று சொல்லுங்கள். மலையாளத்திலும் கூடுதான்.

களியக்காவிளை கடைக்காரர்

அக்கா சொன்னது சரி. கூடு. என் தட்டை நானே வாபஸ் வாங்குகிறேன். எங்களிடம் வரும் மலையாள வாடிக்கையாளர் 'ஊரித் தரணம்' என்பார், கழற்றித் தரவேண்டும் என்று பொருள். கூட்டிலிருந்து ஊரித் தருவது காதுக்கு ஒத்துத்தான் போகிறது.

ஒன்று கேட்க மறந்தேன். எம்.2 (M.2) என்ற வகை எஸ்எஸ்டியை என்ன செய்வது? 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம், பபிள்கம் பட்டை மாதிரி. ஒரு முனை செருகியில், மறுமுனையை எறும்புத் தலை அளவு திருகாணி ஒன்று பிடிக்கும். அது தரையில் விழுந்தால் அன்றைக்குக் கடைக்கு லீவு. இப்போது சில பலகையில் அந்தத் திருகாணிக்குப் பதில் திருப்பிவிடும் பிளாஸ்டிக் காது வருகிறது. அதில் கூடே இல்லையே?

குழு பொறுப்பாளர், வியாழன் காலை

எம்.2 அடுத்த மாதம். இப்போது ஓட்டு. சட்டத்துக்கு 'கூடு' என்பதில் மறுப்பில்லை. முறைக்கு நால்வர் தனிமடலில் சொன்னது கைப்பொருத்து. தாழ்செறிக்கு ஒரு ஓட்டு, யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை. கைப்பூட்டுக்கு ஒன்று. டீச்சர், கைப்பொருத்து என்று போட்டுக்கொள்ளுங்கள்.

சித்தூர்ப் புலவர், வியாழன்

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், தாழுக்காக வருந்தியபடி. ஒரு எச்சரிக்கை மட்டும். ப் கட்டாயம் வேண்டும். கையால் பொருத்துவது கைப்பொருத்து. ஒற்றை விட்டுவிட்டால் இரண்டாம் வேற்றுமைத் தொகை ஆகிவிடும். கைதட்டு, கைகூப்பு போலக் 'கைபொருத்து' என்றால் கையைப் பொருத்துவது. செயற்கைக் கை செய்யும் மருத்துவமனையில் எழுதவேண்டிய சொல் அது.

நகரித் தம்பி, வியாழன் இரவு

ப் போட்டாலும் எனக்கு ஒப்பவில்லை ஐயா. எங்களுக்குப் பக்கத்து ஊர் புத்தூர். எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர் போனது, சென்னையிலிருந்தெல்லாம் ஆள் வருவார்கள். உடம்பில் எலும்பும் எலும்பும் சேரும் இடத்துக்கே தமிழில் பொருத்து என்று பெயர் இருக்கிறது. கைப்பொருத்து விலகினால் புத்தூருக்குப் போ என்பேன். உங்கள் கையேட்டை எங்கள் பக்கத்துப் பிள்ளை படித்தால், மூன்றாம் பக்கத்தில் கணினிக்கு மணிக்கட்டு பிசகியிருக்கிறது என்று நினைப்பான். கையால், கருவியே இல்லாமல், இழுத்துச் சேர்த்துப் பொருத்துகிறார்கள் என்பது மட்டும் இரண்டுக்கும் பொது. அதைச் சொல்லி என்னை ஒப்புக்கொள்ள வைக்கலாம் என்று யாரும் பார்க்கவேண்டாம். என் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள்.

குழு பொறுப்பாளர்

பதிவாயிற்று.

கொழிஞ்சாம்பாறை டீச்சர், சனி

அச்சாகி வந்துவிட்டது. மூன்றாம் பக்கத்தில் 'கைப்பொருத்து' சரியாக இருக்கிறது. ஐந்தாம் பக்கத்தில் தட்டச்சுக்காரர் ப்-ஐ விட்டுவிட்டார். இருநூறு படி. புலவர் ஐயா மன்னிக்கவேண்டும், பேனாவால் புள்ளிவைத்த ப் எழுதிக்கொண்டிருக்கிறேன், அறுபது முடிந்தது. பிள்ளைகள் கூட்டை மட்டும் உடனே பிடித்துக்கொண்டார்கள். 'கூட்டை ஊரு' என்று மலையாளமும் தமிழுமாகக் கத்துகிறார்கள். முறையின் பெயரை யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

களியக்காவிளை கடைக்காரர்

அது கிடக்கட்டும் டீச்சர். அந்த 9.5 வட்டு கூட்டுக்குள் போனதா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

போகவில்லை. 7-க்கான கூடு. அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருகிறேன், பெரிய கூடு இரண்டு எடுத்து வையுங்கள்.