ஒன்பதாம் வகுப்பில் இவ்வளவு எழுத்துப்பிழை: எங்கிருந்து தொடங்குவது?

தமிழ் டீச்சர்:
ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். ஒரு பக்கக் கட்டுரையில் இருபது, இருபத்தைந்து பிழைகள். ‘முயற்ச்சி’, ‘அதற்க்கு’, ‘பறவைகள் பறந்தது’, ‘பணி பெய்தது’. ஊரே ‘வெல்லத்தில்’ மூழ்குகிறது! பிழையான சொல்லைப் பத்து முறை எழுதச் சொன்னால் எழுதுகிறார்கள்; அடுத்த கட்டுரையில் அதே பிழை. ‘வல்லினம் மிகும் இடங்கள்’ கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள், எழுதும்போது ஒன்றையும் காணோம். எதை முதலில் பிடிப்பது?

ஒற்றெழுத்து:
டீச்சர், எல்லாவற்றையும் வட்டமிடுவதை நிறுத்துங்கள். ஒரு வகுப்பின் கட்டுரைகளை எடுத்து, பிழைகளை வகை பிரித்து எண்ணிப் பாருங்கள். இருபத்தைந்து பிழை என்பது பெரும்பாலும் நாலைந்து பிழைகள்தான், திரும்பத் திரும்ப வரும். விதியால் தீர்வது எது, பழகித்தான் தீர வேண்டியது எது என்று பிரித்தாலே பாதிப் பாரம் குறையும்.

முதலில் ‘முயற்ச்சி’யைப் பிடியுங்கள். ஒரே பாடவேளையில் சொல்லி முடிக்கலாம். ட், ற் இரண்டுக்கும் பின்னால் புள்ளி வைத்த இன்னொரு எழுத்து வராது. ஆகவே முயற்சி, பயிற்சி, கற்பனை, அதற்கு, காட்சி, நட்பு. ய், ர், ழ் மூன்றுக்கும் பின்னால் வரலாம்: காய்ச்சல், வளர்ச்சி, வாழ்க்கை. ‘வளர்ச்சி’ எழுதிய கைதான் ‘முயற்ச்சி’யும் எழுதுகிறது. ‘வீடு விற்ப்பனைக்கு’ என்று தொங்கும் பலகைகளைத் தேடிக் குறித்துவரச் சொல்லுங்கள், உற்சாகமாகச் செய்வார்கள்.

அடுத்து ந, ன, ண. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பெயர்களிலேயே விதி இருக்கிறது: ட-வுக்கு முன் ண் (வண்டி), த-வுக்கு முன் ந் (பந்து), ற-வுக்கு முன் ன் (கன்று). ‘மூணு சுழி, ரெண்டு சுழி’ என்று சொல்லிக்கொடுத்தே இதைத் தொலைத்துவிட்டோம். பனி/பணி, மனம்/மணம் போன்றவற்றுக்கு விதி கிடையாது.

கரிசல்காடு:
ர, ற குழப்பத்துக்குப் பேச்சுத் தமிழே கைகொடுக்கும். கிணறா, கிணரா என்று விழிக்கிற பையனை ‘கெணத்துல’ என்று சொல்லச் சொல்லுங்கள். பேச்சில் ‘த்த’ வந்தால் எழுத்தில் ‘ற்ற’, அப்படியானால் கிணறு. ஆத்துல – ஆறு, சோத்துல – சோறு, கயித்துல – கயிறு. ‘தேருல’, ‘ஊருல’ என்று மாறாமல் நின்றால் ர. ‘று’வில் முடியும் பெயர்ச்சொல்லுக்குத்தான் இந்த வழி, கரை/கறை இதில் அடங்காது.

ல, ள, ழ வினைச்சொல்லின் கடைசியில் வந்தால் இறந்த காலத்தில் வைத்துப் பாருங்கள்: வெல் – வென்றான், உருள் – உருண்டான், வாழ் – வாழ்ந்தான். சொல் – சொன்னான், அருள் – அருளினான் என்று விலகுவனவும் உண்டு. பெயர்ச்சொல்லுக்குக் ‘கள்’ சேர்க்கலாம்: கல் – கற்கள், முள் – முட்கள். வெல்லம்/வெள்ளத்துக்கு இது எதுவும் உதவாது, நாக்கைத்தான் பழக்க வேண்டும். ல-வுக்கு நுனிநாக்கு மேல்பல்லின் அடியைத் தொடும். ள-வுக்கு நாக்கு வளைந்து அண்ணத்தைத் தொடும். ழ-வுக்கு வளையும், தொடாது. ‘வாளப்பளம்’ என்று பேசுகிற தெற்கத்திப் பிள்ளைகளிடம் ‘காதால் கேட்டு எழுது’ என்று சொல்லிப் பயனில்லை.

மெய்ப்பு:
அதனால்தான் தனிச்சொல்லாகச் சொல்வதெழுதச் சொல்வது வீண் என்கிறேன். ‘அரை’ என்று மட்டும் சொன்னால் எதை எழுதுவான்? ‘அரை லிட்டர் பால் வாங்கு’, ‘அறையைப் பெருக்கு’ என்று வாக்கியமாகச் சொல்லுங்கள். தினம் ஐந்து வாக்கியம், ஏழெட்டு நிமிடம் போதும்.

திருத்தும்போது சரியான சொல்லை நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள். வரியின் ஓரத்தில் எ (எழுத்து), ஒ (ஒற்று), மு (வினைமுடிபு) என்று மட்டும் குறியுங்கள். மாணவர் தேடித் திருத்திய பிறகே மதிப்பெண். வாரத்துக்கு ஒரு வகை. ‘முயற்ச்சி’ வாரத்தில் ‘அந்த பையன்’ என்று எழுதினால் கண்டும் காணாமல் விடுங்கள். மனம் வராதுதான்!

தமிழ் டீச்சர்:
இந்த ஓரக்குறி நல்ல யோசனை. ‘பறவைகள் பறந்தது’க்கும் ஒற்றுக்கும் என்ன செய்வது?

ஒற்றெழுத்து:
‘மாடுங்க வந்துச்சு’ என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். பேச்சில் அஃறிணைக்குத் தனியாகப் பன்மை வினை இல்லாததால் காதுக்குப் பிழையே தெரியாது. எழுவாயில் உள்ள ‘கள்’ளுக்கு அடிக்கோடிட்டு, அங்கிருந்து வினைமுற்றுக்கு ஓர் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். பறந்தது/பறந்தன, பறக்கிறது/பறக்கின்றன. எதிர்காலத்தில் இரண்டுக்கும் ‘பறக்கும்’, தொல்லையில்லை. ‘ஒவ்வொரு மாணவர்களும்’ தனிக்கதை: ‘ஒவ்வொரு’ வந்தால் ‘மாணவரும்’தான்.

ஒற்றுக்குப் பாடநூல் பட்டியலை இப்போதைக்கு மூடிவையுங்கள். எதற்கு இந்த ஒற்று என்று கேட்பவர்களுக்குக் ‘கீரை கடை’, ‘கீரைக்கடை’ இரண்டையும் பலகையில் எழுதிக் காட்டுங்கள். ஒன்றுக்கு மத்து வேண்டும், மற்றொன்றுக்குப் பையும் காசும். பிறகு நான்கே இடங்கள்: அந்த/இந்த/எந்த (அந்தப் பையன்), ஐ (பாடத்தைப் படி), கு (ஊருக்குப் போ), வினையெச்சம் (ஓடிப் போனான்). வினையெச்சம் ‘து’வில் முடிந்தால் அதற்கு முந்தைய எழுத்தைப் பார்க்க வேண்டும். வல்லின மெய் இருந்தால் மிகும்: படித்துக் காட்டினான். இல்லையென்றால் மிகாது: வந்து போனான், செய்து கொடுத்தான். ‘படித்த பாடம்’ போன்ற பெயரெச்சத்திலும் மிகாது. ‘படித்தப் பாடம்’ என்று எழுதுவது ஒற்றுப் பாடம் நடத்திய மறுவாரமே தொடங்கும், அதற்கு ஒரு நாளை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.