மனைவிக்கு கம்பெனி குரூப் பாலிசியா, தனி பாலிசியா? (கடலூர் – புதுச்சேரி)

மஞ்சக்குப்பம் வாசி:

வேலை புதுச்சேரி சேதராப்பட்டில், வீடு கடலூர் மஞ்சக்குப்பம். கல்யாணம் ஆகி மூணு வாரம் ஆகுது. கம்பெனியில் 3 லட்சத்துக்கு ஃப்ளோட்டர் (குடும்பத்துக்கே சேர்த்து ஒரே தொகை) குரூப் ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசி இருக்கு. மனைவியைச் சேர்த்தால் மாசம் 350 ரூபாய் சம்பளத்தில் பிடிப்பாங்க. கல்யாணத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பேர் கொடுக்கலைன்னா அடுத்த ரினியூவல் வரைக்கும் சேர்க்க முடியாதுன்னு ஹெச்.ஆர். சொல்றாங்க. மனைவிக்கு 28 வயசு, 6 வருஷமா தைராய்டு மாத்திரை எடுக்கறாங்க. ஏஜென்ட் ஒருத்தர் 5 லட்சத்துக்கு தனி பாலிசி, வருஷம் 7,800 ரூபாய்ங்கறார். மனைவி கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கறாங்க, சம்பளம் 14,000. இன்னும் ஒரு வருஷத்தில் குழந்தை பெத்துக்கலாம்னு இருக்கோம். ரெண்டும் எடுக்கறது வீண் செலவா? ஒண்ணு போதும்னா எது?

தவளக்குப்பம்:

முதலில் கெடு முடிவதற்குள் கம்பெனியில் பேரைக் கொடுத்துவிடுங்கள், தம்பி. பிரசவத்துக்கு உங்களுக்குக் கைகொடுப்பது அதுதான். தனி பாலிசி பலவற்றில் பிரசவச் செலவே கிடையாது. இருப்பவற்றிலும் பெரும்பாலும் 2 வருடமாவது காத்திருக்க வேண்டும். குரூப் பாலிசியில் சாதாரணமாக முதல் நாளிலிருந்தே பிரசவமும் ஏற்கெனவே உள்ள நோயும் சேர்ந்துவிடும். ஆனால் "சாதாரணமாக" என்பதை நம்பி இருந்துவிடக் கூடாது. இ-கார்டோடு திரும்பாமல், பாலிசியின் நிபந்தனைத் தாளை ஹெச்.ஆரிடம் மெயிலில் கேட்டு வாங்குங்கள். அதில் பார்க்க வேண்டியது: பிரசவத்துக்கான 9 மாத வெயிட்டிங் பீரியட் (காத்திருப்புக் காலம்) நீக்கப்பட்டிருக்கிறதா, சுகப்பிரசவத்துக்கும் சிசேரியனுக்கும் தனித்தனி உச்சவரம்பு எவ்வளவு, குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்தே கவர் உண்டா, ரூம் வாடகை வரம்பு என்ன. 3 லட்சம் பாலிசி என்பதால் பிரசவத்துக்கு 3 லட்சம் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். வரம்பு அதைவிடப் பல மடங்கு குறைவாகத்தான் இருக்கும்.

தனி பாலிசியையும் இப்போதே எடுக்கச் சொல்வேன். கர்ப்பம் உறுதியான பிறகு விண்ணப்பித்தால், பிரசவம் முடிந்து வாருங்கள் என்று பல கம்பெனிகள் தள்ளிப்போட்டுவிடும். வெயிட்டிங் பீரியட் ஓட ஆரம்பிப்பதும் பாலிசி தொடங்கும் நாளிலிருந்துதான். 2024 ஏப்ரலில் வந்த ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம், முன்பு 48. கர்ப்பப்பைக் கட்டி, ஹெர்னியா, கண்புரை போன்றவற்றுக்கும் 36 மாதம் வரை வைக்கலாம். விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் கிளைம் கிடையாது. ஆக, நீங்கள் வேலை மாறும் காலத்தில் இந்தக் காத்திருப்பெல்லாம் கழிந்த பாலிசி ஒன்று கையில் இருக்க வேண்டும். குரூப் பாலிசி உங்கள் வேலையோடு ஒட்டியது. நீங்கள் வெளியே வந்த தேதியில் மனைவியின் கவரும் போய்விடும்.

வேலையை விடும்போது அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனி பாலிசிக்கு மாற வழி இருக்கிறது. கழித்த காத்திருப்பும் கணக்கில் வரும், ஆனால் பழைய 3 லட்சம் வரைக்கும்தான். அதற்கும் கவர் முடிவதற்கு முன்பே எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். வேலை போன பதற்றத்தில் நிறையப் பேர் கோட்டைவிடுவது இதைத்தான்.

தைராய்டை மறைக்கச் சொல்லும் ஏஜென்ட் என்றால் ஆளை மாற்றுங்கள். மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை வருடம் என்று எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். கட்டுப்பாட்டில் இருக்கும் தைராய்டுக்குப் பெரும்பாலும் பாலிசி கொடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் பிரீமியத்தை ஏற்றுவார்கள், அவ்வளவுதான். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, தகவலை மறைத்ததாகச் சொல்லி கிளைமை மறுக்க முடியாது. அதுவரை விண்ணப்பத்தில் எழுதியதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

பில்லிங் கவுன்ட்டர்:

ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க் பக்கம் இருந்து சொல்றேன் சார். மேலே சொன்ன தைராய்டு விஷயத்தில் ஆளுங்க மாட்டறது எங்கேன்னா கேஸ் ஷீட்டில். அட்மிஷன் அன்னைக்கு டியூட்டி டாக்டர் "எத்தனை வருஷமா மாத்திரை?"ன்னு கேட்பார். கூட வந்தவங்க "பத்து வருஷம் இருக்கும்"னு வாய்க்கு வந்ததைச் சொல்லுவாங்க. அது அப்படியே டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறும். விண்ணப்பத்தில் 6 வருஷம், சம்மரியில் 10 வருஷம்னா அடுத்த நிமிஷம் டிபிஏ-விலிருந்து (இன்சூரன்ஸ் கம்பெனிக்காக கிளைம் பார்க்கற நிறுவனம்) கேள்வி வரும். முதல் மருந்துச் சீட்டையும் பழைய டிஎஸ்ஹெச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டையும் ஒரு ஃபைலில் போட்டு வைங்க. வருஷத்தை அதைப் பார்த்தே சொல்லுங்க. சம்மரி கையில் வந்ததும் கையெழுத்துக்கு முன்னாடி படிச்சுப் பாருங்க.

அடுத்தது ரூம் வாடகை. 3 லட்சத்தில் 1 சதவீதம்னு வரம்பு இருந்தா ஒரு நாளைக்கு 3,000. நீங்க 6,000 ரூம் எடுத்தா அந்த 3,000 வித்தியாசம் மட்டும் உங்க தலையில்னு நினைப்பீங்க. அப்படி இல்லை. மூணு நாள் ரூம் 18,000, சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்ஸிங் எல்லாம் சேர்ந்து 60,000, மருந்தும் டெஸ்டும் 20,000ன்னு வைங்க. ரூமில் பாதி, அந்த 60,000லயும் பாதி வெட்டுவாங்க. 9,000 + 30,000 = 39,000 நீங்க கட்டணும். மருந்துக்கும் டெஸ்டுக்கும் இந்த விகித வெட்டு கிடையாது. அதனால தனி பாலிசி எடுக்கும்போது ரூம் வரம்பு இல்லாததாப் பாருங்க. பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

பேர் விஷயம் சின்னதாத் தெரியும், ஆனா கேஷ்லெஸ் (பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேரா ஆஸ்பத்திரிக்குக் கட்டறது) தடைப்படறது அதில்தான். ஆதாரில் அப்பா இனிஷியல், ஹெச்.ஆர். லிஸ்டில் புருஷன் இனிஷியல் இருந்தா அட்மிஷன் அன்னைக்கு மெயில் மேல மெயில் போகும். ஆதாரில் இருக்கறபடியே ரெண்டு பாலிசியிலும் கொடுங்க. திட்டமிட்ட அட்மிஷன்னா ரெண்டு மூணு நாள் முன்னாடியே ப்ரீ-ஆத் (முன் அனுமதிக் கோரிக்கை) அனுப்பச் சொல்லுங்க. ஐஆர்டிஏஐ-யின் 2024 மே மாச சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் முடிவு 1 மணி நேரத்தில், டிஸ்சார்ஜ் ஒப்புதல் 3 மணி நேரத்தில் வரணும். டிஸ்சார்ஜ் அந்த 3 மணி நேரத்தைத் தாண்டினா ஆஸ்பத்திரி போடற கூடுதல் சார்ஜை இன்சூரன்ஸ் கம்பெனிதான் ஏத்துக்கணும்.

நெல்லிக்குப்பம் ரோடு:

எல்லாரும் ஒன்றைத் தாண்டிப் போய்விட்டீர்கள். மனைவிக்குச் சம்பளம் 14,000 என்கிறார். பத்துப் பேராவது வேலை செய்யும் ஜவுளிக்கடை என்றால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்க வேண்டும். சம்பள வரம்பு 21,000. ஊழியர் பங்கு 0.75 சதவீதம், அதாவது அவர்களுக்கு 105 ரூபாய். சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா பாருங்கள்.

இருந்தால் பிரசவ காலத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம் பணமாகக் கிடைக்கும். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்) குறைந்தது 70 நாள் பங்களிப்பு சேர்ந்திருக்க வேண்டும். அது சம்பளத்துக்கு ஈடு, குரூப் பாலிசி ஆஸ்பத்திரி பில்லுக்கு. அதனால் கல்யாணம் ஆயிற்று, வேலையை நிறுத்திவிடு என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கர்ப்பம் தெரிந்ததும் இஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டிப் பதிந்து வையுங்கள். புதுச்சேரிப் பக்கம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி கோரிமேட்டில் இருக்கிறது.

மஞ்சக்குப்பம் வாசி:

சீட்டைப் பார்த்தேன், 105 பிடிச்சிருக்காங்க. இதை யோசிக்கவே இல்லை, ரொம்ப நன்றி. குரூப்பில் இன்னைக்கே பேர் கொடுத்துட்டேன். பெரிய செலவு வந்தா ரெண்டு பாலிசியிலும் வாங்க முடியுமா? ஏஜென்ட் சொன்ன 7,800 சரியா?

தவளக்குப்பம்:

வாங்கலாம், செலவான தொகைக்கு மேல் கிடையாது. எதை முதலில் பயன்படுத்துவது என்பது உங்கள் இஷ்டம். முதலில் குரூப்பில் போட்டால் தனி பாலிசியின் நோ கிளைம் போனஸ் (கிளைம் வாங்காத வருடத்துக்குக் கிடைக்கும் சலுகை) போகாமல் தப்பும். குரூப்பில் தொகை தீர்ந்தால் அவர்கள் தரும் செட்டில்மென்ட் கடிதம், ஆஸ்பத்திரி முத்திரையிட்ட பில் நகல்கள், சம்மரி ஆகியவற்றோடு மீதிக்குத் தனி பாலிசியில் விண்ணப்பியுங்கள். ஒரிஜினல் பில்லைக் கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

7,800-இல் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது, முன்பு 18 சதவீதம். பழைய கொட்டேஷன் என்றால் அந்தப் பணம் குறைய வேண்டும். இன்னொன்று, சில பாலிசிகளில் ஊரை வைத்து மண்டலம் பிரித்திருப்பார்கள். கடலூர் பின்கோடுக்குப் பிரீமியம் குறைவாக இருக்கும், சென்னையில் அட்மிட் ஆனால் பில்லில் ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டும். பெரிய நோய் என்றால் இங்கிருந்து புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கோ சென்னைக்கோதான் போகிறோம். சென்னைக்கு இந்தக் கோ-பே இல்லை என்று பாலிசி வாசகத்திலேயே பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். பாலிசி வந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.