ரயிலில் தோன்றுவது வீடு சேர்வதற்குள் காணாமல் போகிறது: எப்படிப் பிடித்து வைப்பது?

கடைசிப்பெட்டி (காஜாங்)

வணக்கம். சிறுகதை எழுதுகிறேன், எப்போதாவது ஒரு மெட்டும் தோன்றும். காஜாங்கிலிருந்து கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலுக்கு தினமும் கொமுட்டர் ரயில், சில நாள் மோட்டார் சைக்கிள். நல்ல யோசனை எல்லாம் வண்டியிலோ, குளிக்கும்போதோ, கண் சொக்கும் நேரத்திலோதான் வருகிறது. மேசைமுன் உட்கார்ந்தால் ஒன்றும் ஓடாது. கைப்பேசியில் குறித்து வைத்தது முந்நூறு வரிக்கு மேல் இருக்கும், பாதி புரியவில்லை. ஒரு வரி இப்படி: “பச்சைக் கதவு, அப்பா, வேண்டாம்.” சத்தியமாக என்னவென்று தெரியவில்லை. நோட்டா, கைப்பேசியா? மோட்டாரில் போகும்போது என்ன செய்வது? குறித்ததை அப்புறம் என்ன செய்வது? “மனசை ஒருநிலைப்படுத்து” என்ற பதில் மட்டும் வேண்டாம்.

பென்சில்சீவி (செந்தூல்)

நோட்டுதான். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்த 555 நோட்டு போதும். சட்டைப் பையில் அடங்கும், அழகாக எழுத வேண்டுமே என்ற பயமும் வராது. தோல் அட்டை போட்ட விலையுயர்ந்த நோட்டு வாங்கினால் முதல் பக்கத்தைக் கெடுக்க மனசு வராமலே ஆறு மாதம் ஓடிவிடும். கூடவே 2பி பென்சில். ஜெல் பேனா வேர்வை பட்டால் கரையும். சாதாரணப் பந்துமுனைப் பேனா, மல்லாந்து படுத்துக்கொண்டு மேல்நோக்கி எழுதினால் இரண்டு வரியில் நின்றுவிடும். பென்சிலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கைப்பேசியில் என்ன கெடுகிறது என்றால், பூட்டைத் திறந்ததுமே வாட்ஸ்அப்பில் ஏழு செய்தி தெரியும். அதில் ஒன்றைப் படித்தால் போதும், யோசனை போயே போச்சு. 1959-இல் பீட்டர்சன் தம்பதி செய்த சோதனை ஒன்று உண்டு. மூன்று மெய்யெழுத்தைச் சொல்லிவிட்டு, உடனே ஒரு எண்ணிலிருந்து மூன்று மூன்றாகப் பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். 18 வினாடி கழித்துக் கேட்டால் பத்தில் ஒரு தடவைதான் எழுத்துகள் சரியாக நினைவில் இருந்தன. மூன்று எழுத்துக்கே இந்த நிலை. ஆக, எதிரி மறதி இல்லை. நடுவில் புகும் வேறு வேலை.

மோட்டாருக்கும் இதுதான் வழி. யோசனையை ஒரே வாக்கியமாக்கி, ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுத் திருப்பித் திருப்பிச் சொல்லுங்கள். யாருக்கும் கேட்காது. பாதுகாப்பாக ஒதுங்க இடம் கிடைத்ததும் நிறுத்தி எழுதுங்கள். ஓட்டிக்கொண்டே கைப்பேசியைத் தொட வேண்டாம், சம்மன் ஒருபக்கம், உயிர் ஒருபக்கம். நிறுத்தவே முடியாத நாளில், சிவப்பு விளக்கில் கைக்கடிகாரத்தை மறுகைக்கு மாற்றிக் கட்டுங்கள். வீட்டில் கழற்றும்போது “ஏன் இந்தக் கையில்?” என்று கேள்வி எழும், வாக்கியம் பின்னாலேயே வரும். ஒரு யோசனைக்குத்தான் இது தாங்கும். இரண்டாவது தோன்றினால் முதலாவதை விழுங்கிவிடும்.

பச்சைக் கதவு ஏன் புரியவில்லை? பொருளை எழுதினீர்கள், அதில் எது உங்களைத் திடுக்கிட வைத்தது என்பதை எழுதவில்லை. குறிப்பில் வினைச்சொல் கட்டாயம் இருக்க வேண்டும். “பச்சைக் கதவைப் பார்த்ததும் அப்பா குடை எடுக்காமல் திரும்பிவிடுகிறார், ஏனென்று மகனுக்குத் தெரியும்” என்று இருந்தால் அடுத்த வருஷமும் உயிரோடு இருக்கும். எங்கே, எத்தனை மணிக்கு, எதைப் பார்த்துத் தோன்றியது என்பதையும் ஓரத்தில் போடுங்கள். எல்லாம் சேர்த்து நாற்பது வினாடிதான்.

ஓட்டோ லூவி என்ற விஞ்ஞானிக்கு நடந்தது தெரியுமா? நரம்பு, வேதிப்பொருள் வழியாகத்தான் இதயத்துக்குச் சேதி சொல்கிறது என்பதை நிரூபிக்கும் வழி அவருக்கு நடுராத்திரியில் தோன்றியது. அரைத்தூக்கத்தில் கிறுக்கி வைத்தார், காலையில் அவர் கையெழுத்து அவருக்கே புரியவில்லை. மறுநாள் ராத்திரி மூன்று மணிக்கு அதே யோசனை திரும்பி வந்தது. இந்தத் தடவை எழுதவில்லை, எழுந்து நேரே ஆய்வுக்கூடம் போய்த் தவளை இதயத்தில் செய்து பார்த்துவிட்டார். 1936-இல் நோபல் பரிசு. நமக்கு யோசனை இரண்டாவது ராத்திரி வராது. அதனால் விளக்கைப் போட்டு, எழுந்து உட்கார்ந்து எழுதுங்கள்.

ஆதிதாளம் (ஈப்போ ரோடு)

மெட்டுக்கு மட்டும் கைப்பேசி. ஒலிப்பதிவு போதும், நெட் வேண்டாம். எல்லோரும் செய்யும் தப்பு, முனகலை மட்டும் பதிவது. சுருதி பதிவில் இருக்கும், எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம், இருக்காது. மறுநாள் கேட்டால் பாட்டு சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) தொடங்கியதா, அரை இடம் தள்ளித் தொடங்கியதா என்று பிடிபடாது. அந்த அரை இடத்தில்தான் மெட்டின் அழகே இருந்திருக்கும். அதனால் முதலில் தொடையில் தட்டி ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, வெறும் தாளம் பதியுங்கள். அப்புறம் தட்டுவதை நிறுத்தாமல் இரண்டு தடவை முனகுங்கள். சொல் கிடைக்காவிட்டால் தன்னானே போதும்.

வட்டக்கேள்வி (பட்டர்வொர்த்)

பென்சில்சீவி அண்ணன் சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் பிடிப்பதை மட்டுமே பேசுகிறோம். வலை நன்றாக இருந்தாலும் ஆற்றில் மீன் வர வேண்டுமே. கணித மேதை புவான்காரே, பேருந்தில் ஏறப் படியில் கால் வைத்த நொடியில் விடை தோன்றியதாகச் சொன்னதை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அதற்கு முன்னால் பதினைந்து நாள் மேசையில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டதையும், ஊர் திரும்பியபின் நிதானமாகச் சரிபார்த்ததையும் விட்டுவிடுவார்கள். மேசையில் ஒன்றும் ஓடவில்லை என்கிறீர்களே, ரயிலில் ஓடுவதற்கான விறகு அங்கேதான் அடுக்கப்படுகிறது.

செய்ய வேண்டியது இது. நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று கேள்வி மட்டும், அதற்கு மேல் கூடாது. “குடும்பக் கதை எழுதணும்” என்பது கேள்வி ஆகாது. “தங்கை பொய் சொல்கிறாள் என்று அண்ணனுக்கு எந்தப் பொருளால் தெரியவருகிறது?” என்பதுதான் கேள்வி. முதல்நாள் ராத்திரி முக்கால் மணி நேரம் அதோடு மல்லுக்கட்டி, உண்மையிலேயே மாட்டிக்கொண்ட இடத்தில் அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் நடைமேடையில் அந்தப் பக்கத்தை ஒரு தடவை படித்துவிட்டு, கைப்பேசியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து விடுங்கள். காஜாங்கிலிருந்து பண்டார் தாசிக் செலாத்தான் வரைக்கும் ஜன்னல்தான். முதல் வாரம் சலிப்பாகத்தான் இருக்கும்.

கண் சொக்கும் நேரம் பற்றி: 2021-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் ஒரு கணக்கு விளையாட்டில் சுருக்குவழி ஒன்றை ஒளித்து வைத்து, நடுவில் இருபது நிமிடம் ஓய்வு கொடுத்தார்கள். தூக்கத்தின் முதல் படியில் பதினைந்து வினாடியாவது இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் அதைக் கண்டுபிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம். இன்னும் ஆழ்ந்து தூங்கிவிட்டவர்களில் 14 சதவீதம்தான். ஆக, சொக்கலாம், குறட்டை விடக்கூடாது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, கையில் காலி பிளாஸ்டிக் போத்தலைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தூக்கம் ஆழ்ந்தால் பிடி விடும், போத்தல் விழும், எழுந்துவிடுவீர்கள். உடனே மனதில் என்ன ஓடியதோ அதை எழுதுங்கள். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், வீடே எழுந்துவிடும். கொமுட்டரிலும் வேண்டாம், இறங்கும் இடம் தாண்டிவிடும்.

வெள்ளிக்கிழமைக்காரி (பிரிக்பீல்ட்ஸ்)

குறித்ததை அப்புறம் என்ன செய்வது என்று தம்பி கேட்ட மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நிறைய பேருடைய திறமை முடங்கிக் கிடப்பது இந்த இடத்தில்தான்: குறிப்பு சேரும், வேலை நடக்காது. குறித்ததே எழுதிவிட்ட திருப்தியைக் கொடுத்துவிடுகிறது, அதுதான் சூழ்ச்சி.

அன்றன்றைய குறிப்பை அன்று ராத்திரியே, சூடு ஆறுவதற்குள், நூறு நூற்றைம்பது சொல்லாக விரித்து எழுதுங்கள். கதை ஆக வேண்டியதில்லை, ஒரு காட்சி போதும். ராமானுஜன் காகிதம் கிடைக்காத காலத்தில் கணக்கைச் சிலேட்டில் போட்டு அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். அந்த வரிகளுக்கு நிரூபணம் எழுத மற்ற கணித அறிஞர்களுக்குப் பல பத்தாண்டு ஆனது. அவர் ராமானுஜன், வரிகளை நம்பி ஆள்கள் வந்தார்கள். நம் நோட்டை விரித்து எழுத வேறு யார் வருவார்கள்?

வாரம் ஒரு தடவை அரை மணி ஒதுக்கி, விரித்தவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து முழு வரைவாக்குங்கள். மிச்சத்தை அடித்துவிடலாம், பாவமில்லை. முடிக்க ஒரு தேதி வேண்டும். நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பும், மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டியும் எதற்கு இருக்கின்றன? அறிவிப்பு வந்தபின் தொடங்கினால் அவசரக் கதைதான் வரும். மூன்று வரைவு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

பழைய முந்நூறு வரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒரு வரியைப் படித்துப் பத்து வினாடிக்குள் உயிர் வரவில்லையா, அடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், துப்பறிய வேண்டாம். ஒரே பொருள் திரும்பத் திரும்ப வந்திருந்தால் மட்டும் வட்டம் போடுங்கள். நீங்கள் மறந்தாலும் அது உங்களை விடவில்லை என்று அர்த்தம். பச்சைக் கதவு எத்தனை தடவை வந்திருக்கிறது, தேடிப் பார்த்தீர்களா தம்பி?

கடைசிப்பெட்டி (காஜாங்)

இப்போதுதான் தேடினேன் அக்கா. ஐந்து தடவை. இரண்டில் கதவு நீலம்.

வெள்ளிக்கிழமைக்காரி (பிரிக்பீல்ட்ஸ்)

அப்படியென்றால் முதல் கேள்வி கிடைத்துவிட்டது: நடுவில் அதற்குச் சாயம் அடித்தது யார்? நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள், நாளைக்குக் கொமுட்டரில் பார்க்கலாம்.