புதுப்பிப்பு: மின்சாரக் கார் ஏசி கோளாறு பிடிபட்டது

ஏசியில் வெறும் காற்றுதான் வருகிறது, குளிரூட்டும் கேஸை அழுத்திச் சுழற்றும் கம்ப்ரசர் ஓடவே இல்லை என்று எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி. பலர் ஃபியூஸைப் பார்க்கச் சொன்னீர்கள். அது நன்றாகத்தான் இருந்தது. கேஸ் அழுத்தம் இறங்கியதால் சென்சார் கம்ப்ரசரை ஓடவிடவில்லை. கசிவைக் கண்டுபிடிக்க நைட்ரஜன் அடைத்து சோப்பு நுரை தடவியதும், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் குமிழி வந்தது. மன்னார்குடி சாலையில் தெறித்த ஜல்லியின் வேலையாக இருக்கும்.

கும்பகோணத்தில் ஒரு மெக்கானிக், பெட்ரோல் கார்களின் ஏசி கம்ப்ரசருக்கு ஊற்றும் பிஏஜி (PAG) ஆயிலே போதும் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். இதன் கம்ப்ரசர் மோட்டார் உயர் மின்னழுத்தத்தில், ஆயிலும் கேஸும் சூழ ஓடுவது. மின்சாரம் கடத்தாத பிஓஇ (POE) ஆயில்தான் சரி. மாற்றி ஊற்றினால் இன்சுலேஷன் கெட்டு வண்டியே நின்றுவிடலாம்.

அப்புறம், புது கண்டென்சர் போட்டு, வேக்யூம் இழுத்து, கேஸ் நிரப்பியாயிற்று. தஞ்சாவூர் வெயிலிலும் குளிர்கிறது. ஃபாஸ்ட் சார்ஜிங்கும் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. என் வண்டியில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே கேஸ்தான்.