தோள்பட்டைக் கிழிசலுக்கு பிசியோதெரபி பலன் தருமா, காசு போகுமா?

செல்வி டீச்சர், கரூர்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 47 வயது. மூன்று வாரத்துக்கு முன் பள்ளிக்குப் போகும் வழியில் மணலில் வண்டி சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்துவிட்டேன். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. வலி விடாததால் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். தோளில் சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசைநாரில் பாதிக் கிழிசல் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. கையைத் தூக்க முடிகிறது. ஆனால் தோள் உயரத்தைத் தாண்டினால் சுரீரென்று பிடிக்கிறது. கரும்பலகையின் மேல்பாதியில் எழுத முடியவில்லை, காலையில் தலை பின்னிவிட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஆபரேஷன் இப்போது வேண்டாம், மூன்று மாதம் பிசியோதெரபி செய்யுங்கள் என்கிறார் எலும்பு டாக்டர். என் கணவரின் அண்ணனோ, "கரண்ட் வைத்துக் காசு வாங்குவார்கள், கிழிந்த நார் எக்சர்சைஸில் ஒட்டுமா?" என்று கேட்கிறார். அவர் கேட்பதும் நியாயமாகத்தான் படுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மணிகண்டன், சேலம்

உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்வதுதான் சரி டீச்சர். நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

2021இல் லாரியில் இருந்து மூட்டை இறக்கும்போது பிடி நழுவி வலது கை வெடுக்கென்று இழுபட்டது. அன்று இரவே கை எழும்பவில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்து மேலே தூக்குவேன், விட்டதும் பொத்தென்று விழும். போன இடத்தில் ஸ்கேன்கூட எடுக்காமல் தசைப்பிடிப்பு என்று சொல்லி பிசியோவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். 40 நாள் போனேன், நாளுக்கு 350 ரூபாய். படுக்க வைத்துப் பட்டைகளை ஒட்டி 15 நிமிடம் கரண்ட், ஜெல் தடவி 8 நிமிடம் அல்ட்ராசவுண்ட். நாளைக்கு வாருங்கள் என்பார்கள்.

ஐந்தாவது மாதம் என் மச்சான் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எம்.ஆர்.ஐ. எடுக்க வைத்தான். முழுக் கிழிசல். நார் உள்ளே சுருங்கிப் போய், தசை கொழுப்பாக மாறத் தொடங்கியிருந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர், "மூன்று மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் நன்றாகத் தைத்திருப்பேனே" என்றார். இன்றும் சட்டை போட்டால் அந்தக் கைதான் முதலில் உள்ளே போக வேண்டும். மூட்டை தூக்கும் வேலையை விட்டுவிட்டேன். பிசியோவில் போன நாட்களை யார் திருப்பித் தருவார்கள்?

தேன்மொழி, பிசியோதெரபிஸ்ட், மதுரை

மணி அண்ணா, உங்கள் கோபத்தில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க மாட்டேன். அடிபட்ட அன்றே கை எழும்பவில்லை என்றால் அது அவசரம். 40 வயதைத் தாண்டியவர் விழுந்தோ இழுபட்டோ திடீரென்று கை தூக்க முடியாமல் போனால் முழுக் கிழிசலாக இருக்குமோ என்று முதலில் சந்தேகப்பட வேண்டும், சீக்கிரம் ஸ்கேன் எடுக்க வேண்டும். உங்களை முதலில் பார்த்தவர்கள் அங்கே தவறினார்கள். பிசியோவும் தவறினார். தூக்கிவிட்ட கை விழுகிறதா என்று பார்ப்பது நாங்கள் படிக்கும்போதே கற்றுக்கொள்ளும் பரிசோதனை.

ஆனால் டீச்சரின் கதை வேறு. அவர் கையைத் தூக்குகிறார், பாதிக் கிழிசல் என்று படத்திலும் தெரிகிறது. அவர் டாக்டர் சொன்ன வழி சரியான வழி.

கிழிந்தது ஒட்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். தோள் மூட்டு என்பது ஆழமில்லாத தட்டில் எலுமிச்சம்பழத்தை வைத்தது போல. பழம் உருண்டு போகாமல் நான்கு சின்னத் தசைகள் சுற்றிலும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வெளியே இருக்கும் பெரிய தசை கையை மேலே இழுக்கும்போது, இந்த நான்கும்தான் பழத்தைத் தட்டின் நடுவில் அழுத்தி நிறுத்துகின்றன. ஒன்றில் கிழிசல் வந்தால் பழம் கொஞ்சம் மேலேறி எலும்புக் கூரையில் உரசலாம், வலியால் பிடிமானமும் தளரும். பயிற்சி அந்தக் கிழிசலைத் தைக்காது. மிச்சம் இருக்கும் தசைகளையும், பின்னால் தோள்பட்டை எலும்பைப் பிடிக்கும் தசைகளையும் பலப்படுத்தி, பழத்தை மறுபடி நடுவில் நிறுத்தும். 60 வயதைத் தாண்டியவர்களில் எத்தனையோ பேருக்கு வலியே இல்லாமல் கிழிசல் இருக்கிறது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் அது தெரியவரும்.

மணிகண்டன், சேலம்

தேன்மொழி மேடம், நீங்கள் நல்லபடியாகச் செய்வீர்கள், நம்புகிறேன். ஆனால் நான் போன இடத்து போர்டிலும் பிசியோதெரபி என்றுதானே எழுதியிருந்தது? கரண்ட் வைப்பது வைத்தியமா இல்லையா என்று மூட்டை தூக்குகிறவனுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. 2021 மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் ஸ்ரேயாஸ் ஐயருக்குத் தோள் விலகியது. அடுத்த மாதமே ஆபரேஷன். வசதி இருக்கிறவர்கள் யாரும் கரண்ட் வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை.

ராகவன், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சென்னை

மணி தம்பி, ஸ்ரேயாஸ் ஐயருக்கு நடந்தது மூட்டு விலகல், அதுவும் 26 வயதில். இளம் வயதில் விலகிய தோள் திரும்பத் திரும்ப விலகும் என்பதால் அங்கே ஆபரேஷன் பக்கம் தராசு சாய்கிறது. ஏப்ரலில் ஆபரேஷன் முடிந்தும் அவர் ஐ.பி.எல். ஆட வந்தது செப்டம்பரில். நடுவில் இருந்த மாதங்கள் முழுக்கப் பயிற்சி வேலைதான். தைத்த பிறகும் பிசியோவிடம்தான் வந்தாக வேண்டும்.

எனக்கும் இரண்டு வருடம் முன்னால் இதே பிரச்சினை. விழவில்லை, வயதால் வந்த கிழிசல். தூக்கம் கெட்டதால் உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவில் 2013இல் வெளியான ஒரு ஆய்வில், அடிபடாமல் வந்த முழுக் கிழிசல் உள்ள 452 பேரைப் பயிற்சியில் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் ஆபரேஷனுக்குப் போனவர்கள் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. இங்கிலாந்தில் 2018இல் தோள் கூரை எலும்பைச் செதுக்கும் ஆபரேஷனைச் சோதித்தார்கள். 313 பேர். ஒரு குழுவுக்கு எலும்பைச் செதுக்கினார்கள், இன்னொரு குழுவுக்குக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு எதுவும் செய்யாமல் மூடினார்கள். இரண்டு குழுவுக்கும் பலனில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. இதைப் படித்த அன்று நான் ஆபரேஷன் யோசனையைத் தள்ளி வைத்தேன்.

ஆனால் தேன்மொழி மேடம் கேட்டுக்கொள்ள வேண்டிய ஆய்வும் ஒன்று இருக்கிறது. 2021இல் அதே இங்கிலாந்தில் 708 பேரை வைத்துச் செய்தது. பாதிப் பேருக்கு பிசியோவுடன் ஆறு முறை வரை பயிற்சி. மீதிப் பேருக்கு ஒரே ஒரு முறை உட்கார வைத்து விளக்கி, கையேடு கொடுத்து, வீட்டில் செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவும் ஒரே மாதிரி தேறியிருந்தார்கள். அப்படியிருக்க இங்கே 20 சிட்டிங், 30 சிட்டிங் என்று பேக்கேஜ் போடுவது எதற்கு?

தேன்மொழி, பிசியோதெரபிஸ்ட், மதுரை

சார், அந்த ஆய்வு எனக்கும் தெரியும். அந்த ஒரு முறை என்பது பயிற்சி பெற்ற பிசியோ ஒரு மணி நேரம் வரை உட்கார்ந்து, நோயாளியைச் சோதித்து, செய்து காட்டி அனுப்பியது. அதுவும் பிசியோதெரபிதான். பெரிய அடிபட்டு ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களை அதில் சேர்க்கவும் இல்லை.

பேக்கேஜ் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். என் 14 வருட வேலையில் தோள் கேஸுக்குக் கரண்ட் பட்டை நான் ஒட்டுவது குறைந்துகொண்டே வருகிறது. வலி அதிகமாக இருக்கும் முதல் சில நாள் கொஞ்சம் இதமாக இருக்கும், அதற்கு மேல் அதற்கு வலுவான ஆதாரம் இல்லை. ஆனால் எதையாவது ஒட்டாவிட்டால் "எதுவும் செய்யவில்லையே" என்று சொல்லி வேறு இடம் போய்விடுகிறார்கள். அந்தப் பயத்திலேயே பல இடங்களில் இயந்திரம் ஓடுகிறது. இது எங்கள் தொழிலில் இருக்கும் குறை, மறைக்க விரும்பவில்லை.

அதற்காக எல்லாருக்கும் ஒரே ஒரு முறை போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் நோயாளி வீட்டில் செய்து பார்த்து, வலித்ததும் பயந்து நிறுத்திவிடுவார். எந்த வலி பரவாயில்லை, எந்த வலியில் நிறுத்த வேண்டும் என்று கூட இருந்து சொல்ல நாலைந்து முறையாவது வேண்டியிருக்கிறது.

வேலு, கொத்தனார், திண்டிவனம்

எனக்கும் தோள் வலி இருக்கு மேடம். ஊரில் எல்லாரும் கட்டுப் போடச் சொல்கிறார்கள். பிசியோவுக்கு தினம் போனால் அன்றைய கூலி போய்விடும். கூலியை விட்டுவிட்டு வைத்தியம் பார்க்கிற நிலைமையில் நான் இல்லை.

தேன்மொழி, பிசியோதெரபிஸ்ட், மதுரை

வேலு தம்பி, முதலில் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். அரசு தலைமை மருத்துவமனையில் எலும்புப் பிரிவும் பிசியோ பிரிவும் இருக்கும், செலவு இல்லை. எலும்பு முறிவா, கிழிசலா, இறுக்கமா என்று தெரியாமல் எண்ணெய் போட்டு நீவவோ கட்டவோ வேண்டாம். கட்டிப்போட்டு வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்தால் தோள் அப்படியே இறுகிவிடும். அப்புறம் அந்த இறுக்கத்தை எடுப்பது முதல் வலியைவிடப் பெரிய பாடு. தினமும் வரத் தேவையில்லை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து கற்றுக்கொண்டு வீட்டில் செய்யலாம். அப்படியே கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

ஜெயலட்சுமி, தஞ்சாவூர்

நான் பெரிதாகப் படித்தவள் இல்லை. எனக்கு வந்தது கிழிசல் இல்லை, தோள் இறுகிப்போகும் ஃப்ரோசன் ஷோல்டர். 12 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும் என்று டாக்டர் சொன்னார். ரவிக்கையின் பின் கொக்கி மாட்ட முடியாது, ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால் உயிர் போகும்.

பிசியோ பொண்ணு ஒரே ஒரு காரியத்தை விடாமல் செய்யச் சொன்னாள். சமையலறைச் சுவருக்கு நேராக நின்று, விரல்களை எறும்பு ஊர்வது போல மேலே ஏற்ற வேண்டும். எட்டின இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுத வேண்டும். முதல் கோடு என் மூக்கு உயரத்தில் இருந்தது. அடுத்த பத்து நாள் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே இடத்தில், எனக்கு அழுகையே வந்தது. ஆறாவது வாரம் நெற்றியைத் தாண்டியது. எட்டாவது மாதம் அலமாரி மேல்தட்டில் இருக்கும் பெரிய குக்கரை நானே இறக்கினேன். அந்தச் சுவருக்கு வெள்ளை அடிக்க வந்தவரிடம் அந்த ஒரு முழம் இடத்தை விட்டுவிடச் சொன்னேன்.

மணிகண்டன், சேலம்

ஜெயா அக்கா, உங்களுக்குக் குணமானதில் சந்தோஷம். ஆனால் ஃப்ரோசன் ஷோல்டர் ஒன்று, இரண்டு வருடத்தில் தானாகவே விடும் என்கிறார்களே. பிசியோவால் விட்டதா, காலத்தால் விட்டதா?

ராகவன், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சென்னை

நல்ல கேள்வி தம்பி. முழுசாகப் பிரித்துச் சொல்வது கஷ்டம். 2020இல் இங்கிலாந்தில் 503 பேரை வைத்து இதற்கு மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள். மயக்க மருந்து கொடுத்துக் கையைத் திருப்புவது, குழாய் விட்டுச் சவ்வை அறுத்துவிடுவது, ஊசியோடு 12 வாரம் வரை பிசியோ. ஒரு வருட முடிவில் எந்த வழியும் மற்றதைவிடப் பெரிதாக மேல் என்று வரவில்லை. அப்படியானால் கத்தி இல்லாத வழியில் தொடங்குவதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

ஆனால் உங்கள் பக்கத்துக்கும் ஒரு சாட்சி சொல்லிவிடுகிறேன். நார்வேயில் சின்ன, நடுத்தர முழுக் கிழிசல் உள்ள 103 பேரில் பாதிப் பேருக்குத் தைத்தார்கள், மீதிப் பேருக்குப் பயிற்சி. முதல் வருடங்களில் வித்தியாசம் சின்னதாக இருந்தது. 10 வருடம் கழித்துப் பார்த்தபோது தைத்தவர்கள் பக்கம் இடைவெளி கூடியிருந்தது. தைக்காமல் விட்டவர்களில் சிலருக்குக் கிழிசல் பெரிதாகிக்கொண்டே போயிருந்தது. எனவே முழுக் கிழிசலோடு 45, 50 வயதில் கைவேலை செய்கிறவருக்கு பிசியோ மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். என் மாதிரி 60ஐத் தாண்டி, கனம் தூக்காதவருக்குப் போதும். எனக்குப் போதுமாக இருந்தது.

மணிகண்டன், சேலம்

இதை அன்றைக்கு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் போதும் சார்.

செல்வி டீச்சர், கரூர்

எல்லாருக்கும் நன்றி. உங்கள் பதில்களைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு நேற்று டாக்டரிடம் மறுபடி போனேன். மணி அண்ணன் சொன்னதைச் சொல்லி, என் கையைத் தூக்கி விட்டுப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். கை விழவில்லை. முழங்கையை மடக்கி வெளிப்பக்கம் தள்ளச் சொல்லி எதிர்த்துப் பிடித்தார், வலித்தாலும் தள்ள முடிந்தது. பாதிக் கிழிசல்தான், பயிற்சியைத் தைரியமாகத் தொடங்குங்கள் என்றார். பிசியோவிடம் கரண்ட் வேண்டாம், செய்யக் கற்றுக்கொடுங்கள் என்று நேராகவே கேட்டேன். வாரம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார். கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, துண்டைச் சுருட்டி அக்குளில் வைத்து ரப்பர் பட்டையை வெளியே இழுப்பது, அப்புறம் ஜெயா அக்கா சொன்ன அதே சுவர். காலண்டருக்குப் பக்கத்தில் இன்று காலை முதல் கோடு போட்டிருக்கிறேன், கன்னத்து உயரம்.

மணிகண்டன், சேலம்

நல்லது டீச்சர். ஆறு வாரத்தில் அந்தக் கோடு நகரவில்லை என்றாலோ, நடுவில் ஒருநாள் கை திடீரென்று பலம் இழந்தாலோ, இன்னும் நாலு சிட்டிங் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.