உணவகத்துக்குள் வழிகாட்டி நாய்: மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டா?

ஹாரோவாசி (கேள்வி):
வணக்கம். விழித்திரை நோயால் என் அக்காவுக்குப் பார்வை போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சென்ற சனிக்கிழமை அவருடைய பிறந்தநாளுக்காக, வடமேற்கு லண்டனில் உள்ள ஒரு தமிழ் உணவகத்தில் நான்கு பேருக்கு மேசை பதிவு செய்திருந்தோம். வாசலிலேயே மேலாளர் மறித்து, "சாப்பாட்டுக் கடைக்குள் நாயை விடக்கூடாது என்பது சுகாதாரச் சட்டம்" என்றார். வெண்ணிறச் சேணத்தைக் காட்டி, இது வழிகாட்டி நாய் என்று நான் விளக்கிய பிறகும், அக்காவிடம் ஒரு வார்த்தை பேசாமல், "வேண்டுமானால் அவரை வெளி மேசையில் உட்கார வையுங்கள்" என்று என்னிடம் சொன்னார். சேணத்தின் கைப்பிடியை இறுகப் பற்றியபடி அக்கா தலைகுனிந்து நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. பிறகு அதே தெருவில் ஒரு பப்புக்கு (மதுக்கூடத்துக்கு) போனோம். அங்கே கேட்காமலேயே நாய்க்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார்கள். பப்புக்கு ஒரு சட்டம், உணவகத்துக்கு வேறு சட்டமா? காவல்துறையிடம் முறையிடலாமா?

சட்ட உதவித் தொண்டர்:
இரண்டுக்கும் ஒரே சட்டம்தான். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றிலும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் எவரும் மாற்றுத்திறனாளிக்காகத் தம் வழக்கத்தில் நியாயமான மாற்றம் செய்ய வேண்டும் என்கிறது. "நாய்களுக்கு அனுமதி இல்லை" என்ற விதியை வழிகாட்டி நாய்க்காகத் தளர்த்துவது அதில் அடங்கும். பல பப்புகள் வீட்டு நாய்களையும் அனுமதிப்பது உரிமையாளரின் விருப்பம். அக்காவின் நாய் உள்ளே வருவதோ அவருடைய உரிமை. இந்த வேறுபாட்டைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

காவல்துறைக்குப் போக வேண்டாம். வாடகைக் கார் ஓட்டுநர், மருத்துவ விலக்குச் சான்றிதழ் இல்லாமல், வழிகாட்டி நாயை ஏற்ற மறுத்தால் அது குற்றம். 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு. உணவகம் மறுப்பது குற்றவியல் வழக்கு அல்ல, உரிமையியல் வழக்கு. கவுண்டி நீதிமன்றத்தில் மனவேதனைக்கும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் நிகழ்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே வழக்கைப் பதிவு செய்துவிட வேண்டும். முதலில் எழுத்தில் முறையிடுங்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால் சமத்துவ ஆலோசனை உதவி மையத்தை அழையுங்கள்.

அடுப்படிக்காரர்:
பதினான்கு ஆண்டுகளாக உணவகம் நடத்துகிறேன். படித்ததும் மிகவும் வருந்தினேன். சுகாதார விதி தடுப்பது, உணவைத் தயாரிக்கும், கையாளும், சேமிக்கும் இடங்களுக்குள் விலங்கு வருவதைத்தான்; அதாவது எங்கள் சமையலறையையும் சரக்கறையையும். வாடிக்கையாளர் அமர்ந்து சாப்பிடும் கூடத்தில் வழிகாட்டி நாய் இருப்பதற்கு அதில் தடை இல்லை. ஊழியர்கள் சிலருக்கு நாய் என்றாலே அச்சம் என்பது உண்மை. அப்படியானால் அந்த மேசைக்கு வேறொருவரை அனுப்பலாம். அதற்காக வாடிக்கையாளரை வாசலில் நிறுத்த முடியாது. வேறொரு வாடிக்கையாளருக்கு ஒவ்வாமை என்றாலும், இருவரையும் தள்ளித் தள்ளி அமர்த்துவதே வழி.

வெண்கோல்:
நான் ஆறு ஆண்டுகளாக வழிகாட்டி நாயுடன் நடமாடுகிறேன். உள்ளே போனதும் என் நாய் மேசைக்கடியில் சுருண்டு, தாடையை என் காலணி மேல் வைத்துக்கொள்ளும். பில் வரும் வரை அசையாது. சில இடங்களில் வழிகாட்டி நாய்க்கான அடையாளப் புத்தகம் கேட்பார்கள். சட்டப்படி அதை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றாலும், நான் கையில் வைத்திருப்பேன், வாக்குவாதம் குறையும். தம்பி, ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முறையீட்டை அக்காவே எழுதட்டும். அன்று அவரிடம் யாரும் பேசவில்லை. கடிதமாவது அவர் குரலில் போகட்டும்.

ஹாரோவாசி:
அனைவருக்கும் நன்றி. வெண்கோல் அவர்களே, நீங்கள் சொன்னதை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். கணினியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, திரைவாசிப்பானை இயக்கி, இப்போது அவரே எழுதிக்கொண்டிருக்கிறார். மேசை பதிவு செய்ததற்கு வந்த குறுஞ்செய்தியை இணைக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

சட்ட உதவித் தொண்டர்:
கட்டாயம் இணைக்கச் சொல்லுங்கள். தேதி, நேரம், மேலாளர் சொன்ன சொற்கள் அப்படியே, உடனிருந்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றையும் நினைவு மங்குவதற்குள் குறித்துவிடுங்கள்.