ஸ்டெப்னியை எங்கே வைப்பது: டிக்கியிலா, வண்டிக்கு அடியிலா, முதுகிலா?

மாலைவெயில்:
என் காருடன் ஸ்டெப்னி தரவில்லை. ஒரு பாட்டில் பசையும் காற்றடிக்கும் சின்ன பம்பும்தான் கொடுத்தார்கள். போன மாதம் ஒரு இரவு, டயரின் பக்கச்சுவர் கிழிந்துவிட்டது. பாட்டிலை முழுதாக ஏற்றினேன். ஏற்றியதெல்லாம் கிழிசல் வழியே வெள்ளையாக வழிந்து ரோட்டில் கிடந்தது. இழுவை வண்டி வர மூன்று மணி நேரம் ஆனது.

மறுவாரமே அளவு பார்த்து ஒல்லி ரக ஸ்டெப்னி ஒன்று வாங்கிவிட்டேன். வைக்கத்தான் இடம் இல்லை. டிக்கித் தரைக்குக் கீழே ஒரு ஆழமில்லாத குழி இருக்கிறது, ஆனால் அதில் ஃபோம் தட்டும் பம்பும் உட்கார்ந்திருக்கின்றன. இப்போதைக்குப் பின்சீட்டுக்குப் பின்னால் சக்கரத்தை நிறுத்தி, ஒரு பெட்டியை முட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு வளைவிலும் 'டொம்' என்கிறது. நீங்கள் எல்லாம் எங்கே வைக்கிறீர்கள்?

டிக்கிதாசன்:
டிக்கிக்குள்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வெயில், மழை, சேறு, திருடன் எதுவும் அண்டாது.

மலைப்பாதை:
டிக்கிதாசன் அண்ணே, குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது பஞ்சர் ஆகியிருக்கிறதா உங்களுக்கு? எனக்கு ஆகியிருக்கிறது, கொட்டும் மழையில். ஏழு பைகள், ஒரு குழந்தை வண்டி, ஒரு தலையணை எல்லாவற்றையும் ரோட்டோரம் இறக்கிவிட்டுத்தான் தரைப்பலகையைத் தூக்க முடிந்தது. ஸ்டெப்னி மட்டும் நனையவில்லை, அது உண்மைதான்.

அந்த வண்டியை விற்றபிறகு, முதுகில் ஸ்டெப்னி தொங்கும் வண்டியாகப் பார்த்து வாங்கினேன். மூன்று நட்டைக் கழற்றினால் சக்கரம் கையில். ஜிம்னி, ராங்ளர் மாதிரி காடுமேடு போகும் வண்டிகள் இன்னும் அப்படியே வைத்திருப்பது அழகுக்காக மட்டும் இல்லை.

டிக்கிதாசன்:
முதுகில் மாட்டும் வண்டியின் கதவு, சக்கரத்தின் எடையைத் தாங்குகிற மாதிரி வடிவமைத்தது. கீல், பூட்டு, தகடு எல்லாம் அதற்கேற்ற கனம். மாலைவெயிலின் கார்க் கதவு மேலே தூக்குகிற ரகம் என்று நினைக்கிறேன். அதில் 15 கிலோவைத் தொங்கவிட்டால் கதவைத் தாங்கும் இரண்டு கேஸ் தண்டுகளும் கைவிட்டுவிடும், கதவு தலையில் வந்து இறங்கும்.

அப்புறம், முதுகில் சக்கரம் இருந்தால் பின்கண்ணாடியில் பாதி மறைகிறது, வண்டியின் நீளம் ஒரு சாண் கூடுகிறது. பின்னால் ஒருவன் மெதுவாக இடித்தாலும் பம்பருக்கு முன் சக்கரம்தான் வாங்கும், அந்த அடி நேரே கதவுக்குப் போகும். பம்பர் கீறலோடு போக வேண்டியது, கதவை மாற்றுவதில் முடியும்.

மலைப்பாதை:
அவர் காரின் கதவில் மாட்டும்படி நான் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன். இழுவைக் கொக்கியில் பொருத்தும் தாங்கி இருக்கிறதே, அதில் மாட்டலாம்.

டிக்கிதாசன்:
மாட்டலாம். நம்பர் பிளேட்டையும் பின்விளக்கையும் அது மறைத்தால் அவற்றையும் தாங்கிக்கு மாற்ற வேண்டும். டிக்கி திறக்க ஒவ்வொரு முறையும் தாங்கியை மடக்க வேண்டும். ஒரு பஞ்சருக்காக தினமும் இந்தத் தவமா?

ஏழுசீட்:
வண்டிக்கு அடியில் தொங்கவிடுவதை ஏன் யாரும் சொல்லவில்லை? என் வண்டியில் அப்படித்தான். நீளக் கம்பியைப் பம்பர் ஓட்டையில் விட்டுச் சுற்றினால் கேபிள் இறங்கி ஸ்டெப்னி தரையில் உட்காரும். டிக்கியும் காலி, முதுகும் காலி. சாமான் இறக்கும் வேலையே இல்லை.

பட்டறைக்காரர்:
ஏழுசீட் சார், கடைசியாக அதை எப்போது இறக்கிப் பார்த்தீர்கள்?

ஏழுசீட்:
வாங்கியதிலிருந்து தேவைப்படவில்லை. அதுதானே நல்ல செய்தி?

பட்டறைக்காரர்:
உங்களுக்கு நல்ல செய்தி, கேபிளுக்கு இல்லை. பட்டறைக்கு வரும் வண்டிகளில் அடியில் தொங்கும் ஸ்டெப்னிகளை நிறையப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். கேபிள் சுற்றியிருக்கும் சுருளிக்குள் சேறும் உப்பும் ஈரமும் போய்த் துரு பிடித்து இறுகிவிடும். கம்பியைச் சுற்றினால் சுற்றும், சக்கரம் இறங்காது. கடைசியில் கேபிளை அறுத்துத்தான் எடுப்போம். அதை நடு இரவில் ரோட்டில் உங்களால் செய்ய முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுதாக இறக்கி, கேபிளைத் துடைத்து, கிரீஸ் தடவி ஏற்றுங்கள்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. பஞ்சரானது பின்டயர் என்றால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துவிடும். சக்கரம் கீழே இறங்கும், ஆனால் பம்பருக்கு அடியிலிருந்து வெளியே இழுக்க இடைவெளி போதாது. முதலில் ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டுத்தான் இழுக்க வேண்டியிருக்கும். அப்போது ஜாக்கியை மட்டும் நம்பி உடம்பை வண்டிக்கு அடியில் நுழைக்காதீர்கள், கொக்கியோ கயிறோ மாட்டி இழுங்கள்.

காற்று பார்ப்பதும் சிரமம். பல வண்டிகளில் வால்வு மேல்பக்கம் பார்த்து இருக்கும், கை நுழையாது. டயர் சும்மா கிடந்தாலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இறங்கும். நீங்கள் பார்க்காமல் விட்ட மாதங்களை எண்ணிக்கொள்ளுங்கள்.

ஏழுசீட்:
சரி, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன். ஆனால் பராமரிக்காதது என் தப்பு, இடத்தின் தப்பு இல்லையே.

டிக்கிதாசன்:
பராமரிக்க முடியாதபடி ஒளித்து வைத்தால் அது இடத்தின் தப்புதான்.

ஏழுசீட்:
ஏழு பைக்கு அடியில் வைப்பது மட்டும் ஒளித்து வைப்பது இல்லையா?

பழையவண்டி:
சண்டைக்கு நடுவே ஒரு பழங்கதை. நாம் 'ஸ்டெப்னி' என்கிறோமே, அது ஒரு தெருவின் பெயர். 1904-ல் வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில்தான் அந்தச் சக்கரத்தைச் செய்து விற்றார்கள். அதில் ஆரக்கால்களே கிடையாது. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல் அதன் பக்கத்திலேயே இறுக்கி மாட்டிவிட்டுப் போவார்கள். தெரு பெயர் சக்கரத்துக்கு ஆகிவிட்டது.

இடம் பற்றிய சண்டையும் புதிதல்ல. ஆரம்பத்தில் வண்டியின் பக்கவாட்டில் மாட்டினார்கள். பழைய லேண்ட் ரோவரில் பானெட்டுக்கு மேலே. ஃபியட் ஊனோவிலும் ரெனால்ட் 5-இலும் பானெட்டுக்கு உள்ளே, எஞ்சின் பக்கத்தில். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் எஞ்சின் பின்னால் என்பதால் ஸ்டெப்னி முன்பக்க டிக்கியில். 1960-களின் பீட்டிலில் கண்ணாடி கழுவும் தண்ணீரைப் பீய்ச்சியதே ஸ்டெப்னியின் காற்றுதான்! ரொம்பவும் இறங்கிவிடாமல் தடுக்க நடுவில் ஒரு வால்வு. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இன்றைய வண்டிகளில்கூட இல்லை.

கணக்குப்புலி:
எல்லோரும் எதை எதையோ பேசுகிறீர்கள். மாலைவெயில் சக்கரத்தைப் பின்சீட்டுக்குப் பின்னால் சும்மா நிறுத்தி வைத்திருக்கிறார், அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

50 கிமீ வேகம் என்றால் வினாடிக்குச் சுமார் 13.9 மீட்டர். வண்டி எதிலாவது மோதி நின்றால் சக்கரம் நிற்காது, அதே வேகத்தில் முன்னே போகும். ஒரு பொருள் அந்த வேகத்தை எட்ட வேண்டுமானால் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு சக்கரத்தைப் பின்சீட்டின் முதுகில் போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் யார்?

மாலைவெயில்:
பிள்ளைகள் இருவரும். இன்றே எடுத்துவிடுகிறேன்.

மலைப்பாதை:
கூரைமேல் கேரியர் போட்டுக் கட்டிவிடலாமே. கேபினுக்குள் எதுவும் பறக்காது.

கணக்குப்புலி:
கேரியரையும் சேர்த்துக் கூரை எவ்வளவு தாங்கும் என்று கையேட்டில் இருக்கும், அதை முதலில் பாருங்கள். தாங்கினாலும் உச்சியில் எடை ஏறினால் வளைவில் வண்டி கூடுதலாகச் சாயும், காற்று எதிர்ப்பும் கூடும். தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம். நீண்ட காட்டுப் பயணத்துக்கு இரண்டாவது ஸ்டெப்னி கொண்டு போகிறவர்களுக்கு அது சரி. ஆனால் தலைக்கு மேலிருந்து சக்கரத்தை இறக்க இரண்டு பேராவது வேண்டும்.

நாளையகார்:
மன்னிக்கவும், இத்தனை பேர் இவ்வளவு நேரம் எதற்காக? ரன்-ஃபிளாட் டயர் போடுங்கள். காற்றே இல்லாமல் 80 கிமீ வேகத்தில் சுமார் 80 கிமீ தூரம் போகலாம். என் மின்சாரக் காரில் அடி முழுக்க பேட்டரி. ஸ்டெப்னி வைக்கச் சொன்னாலும் இடமில்லை. பாட்டிலை மட்டும்தான் வைத்திருக்கிறேன்.

பட்டறைக்காரர்:
பாட்டில் பசை, ஆணி குத்திய சின்ன ஓட்டைக்குத்தான். தரையைத் தொடும் பகுதியில் 6 மிமீ வரை அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் என்ன ஆகும் என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. பாட்டிலுக்குக் காலாவதித் தேதியும் உண்டு, ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

மாலைவெயில் சார், உங்களுக்கு வருகிறேன். அந்த ஃபோம் தட்டை முழுதாக வெளியே எடுத்துப் பார்த்தீர்களா? ஒரே மாதிரி கார் சில சந்தைகளில் ஸ்டெப்னியோடும் சிலவற்றில் பாட்டிலோடும் போகும், டிக்கித் தரையின் தகடு ஒன்றே. அதனால் குழியின் நடுவில் ஸ்டெப்னி போல்ட்டுக்கான மரை பல கார்களில் அப்படியே இருக்கும். ஒரு ரப்பர் மூடி போட்டு அடைத்திருப்பார்கள்.

மரை இல்லாவிட்டால், டிக்கித் தரையில் இருக்கும் வளையங்களில் ராட்செட் பெல்ட் போட்டு, சக்கரத்தைப் படுக்க வைத்து இறுக்குங்கள். நிறுத்தி வைக்க வேண்டாம். குழந்தை சீட்டின் கொக்கியில் மட்டும் கட்டாதீர்கள், அது அதற்கானதல்ல.

மாலைவெயில்:
மரை இருக்கிறது! ஃபோமுக்கு அடியில், நீங்கள் சொன்ன மாதிரியே கறுப்பு ரப்பர் மூடிக்குள். சக்கரம் குழியில் உட்கார்ந்துவிட்டது. டிக்கித் தரை மட்டும் 4 செமீ உயர்ந்திருக்கிறது. ஓரங்களில் ஃபோம் துண்டு கொடுத்துப் பலகையைச் சமமாக்கினேன். இந்தக் காருக்கான நீள போல்ட் தனியாகக் கிடைத்தது. ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் சக்கரத்தின் குழிவுக்குள்ளேயே அடங்கிவிட்டன. 'டொம்' நின்றுவிட்டது.

டிக்கிதாசன்:
நான் முதல் வரியிலேயே சொன்னேன்.

மலைப்பாதை:
வாழ்த்துகள். ஒரே ஒரு கேள்வி. ஒல்லிச் சக்கரத்தைக் காரில் மாட்டியபின், பஞ்சரான முழு அளவுச் சக்கரம் அந்தக் குழியில் போகுமா?

மாலைவெயில்:
...போகாது. இப்போதுதான் அளந்தேன். 7 செமீ வெளியே நீட்டுகிறது.

மலைப்பாதை:
சேறோடு டிக்கியில், பைகளுக்கு மேலே. வாருங்கள் எங்கள் கட்சிக்கு.

கணக்குப்புலி:
அதையும் கட்ட வேண்டும், ஞாபகம் இருக்கட்டும். அது ஒல்லிச் சக்கரத்தைவிடக் கனம்.

பட்டறைக்காரர்:
வளையத்தில் ஒரு ராட்செட் பெல்ட்டை நிரந்தரமாக மாட்டி வைத்துவிடுங்கள், பக்கத்தில் பெரிய பிளாஸ்டிக் பை ஒன்று. போதும். ஒல்லிச் சக்கரத்துக்கு 60 பிஎஸ்ஐ வேண்டும், மற்ற டயருக்கு அடிப்பதை அடிக்காதீர்கள். வேகம் 80-ஐத் தாண்ட வேண்டாம். அதன் பக்கச்சுவரில் டயர் தயாரான தேதி நான்கு இலக்க எண்ணாக இருக்கும், முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். பத்து ஆண்டு ஆனால் ஓடாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

ஏழுசீட்:
ஞாயிறு பார்க்கிறேன் என்றேன் அல்லவா, பார்த்தேன். கேபிள் இறங்கியது. கொஞ்சம் முனகியது, ஆனால் இறங்கியது. இடத்தின் தப்பு இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பட்டறைக்காரர்:
காற்று எவ்வளவு இருந்தது?

ஏழுசீட்:
11 பிஎஸ்ஐ.